தேய்ந்ததும் தேய்த்ததும்

நம்முடைய வீடுகளில் வெள்ளிச் சாமானுக்கு ஒரே ஒரு தர்மம்தான் உண்டு. அது பளபளக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் சந்தனக் கிண்ணமும் குழாயடிக்குப் போய், புளியாலும் விபூதியாலும் தேய்க்கப்பட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி போலத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கறுத்த வெள்ளியைப் பார்த்தால் நமக்கு மனசு பொறுப்பதில்லை.

இதற்கு நேர் விரோதமான இன்னொரு தர்மம் உலகத்தில் இருக்கிறது. பழங்காசு சேர்ப்பவர்களுடைய தர்மம் அது. காசு கறுத்திருக்கலாம், மழுங்கியிருக்கலாம், ராஜாவின் மூக்கு இருந்த இடம் தெரியாமல் போயிருக்கலாம். எல்லாவற்றையும் சகித்துக்கொள்வார்கள். யாராவது அதைப் புளி போட்டு விளக்கியிருந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தேய்ந்த காசுக்கு மன்னிப்பு உண்டு. தேய்த்த காசுக்குக் கிடையாது. தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் காசின் மெய் முழுவதும் அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருக்கிறது.

பொழுது போகாதவர்களின் ஆசாரம் என்று பல நேயர்களுக்குத் தோன்றக்கூடும். அதிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை, ராயப்பேட்டையில் என் கைக்கு வந்த ஒரு காசை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

மணிக்கூண்டுக்கு அருகே ஒரு சந்தில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. கைக்கடிகாரம் கட்டுகிறவர்களே குறைந்துபோன காலம் இது. ஆகையால் கடையில் கூட்டம் இல்லை. ஆனாலும் காலையில் ஒன்பதரைக்குக் கதவைத் திறப்பதில் அவர் ஒரு நிமிஷம் தவறுவதில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் பழங்காசு சேர்த்து வைத்திருப்பவன் என்று பேட்டையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு மெய் எது, பொய் எது என்று தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்திருக்கலாம். அந்த மாதிரி நம்பிக்கைகளை நான் கெடுப்பதில்லை.

"சார், இது எங்க வாப்பாவோட வாப்பா பினாங்கிலேருந்து கொண்டு வந்தது. இதுக்கு என்ன மதிப்புன்னு சரியாப் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

"விற்கப் போறீங்களா, பாய்?"

"விற்கிறேனோ இல்லையோ, விலை தெரிஞ்சாகணும். நானும் தம்பியும் ரெண்டு பேர்தான். தம்பி போன வருஷம் மௌத்தாயிட்டான். வாப்பா வச்சுட்டுப் போனதுல மத்ததெல்லாம் பங்கு பிரிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இதுல பாதி தம்பி சம்சாரத்துக்கும் பிள்ளைங்களுக்கும் சேரணும். கடைத்தெருவுல ஒருத்தர், எடைக்கு எடுத்துக்கறேன்னு ஒரு விலை சொன்னார். அந்தக் கணக்குல பாதியைக் கொடுத்துட்டு, நாளைக்கு இது அதுக்கு மேல பெறும்னு தெரிஞ்சுதுன்னா, யத்தீம் பிள்ளைங்க காசை நான் தின்ன மாதிரி ஆயிடும், சார்."

காசுக்கும் நேர்மைக்கும் நாம் ஒரே வார்த்தையை வைத்திருக்கிறோம். நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்முடைய நாணயத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரத்தையோடு பார்க்க வேண்டிய காரியம் என்று தோன்றியது. நாற்காலியை ஜன்னலண்டை நகர்த்திப் போட்டேன்.

முடிச்சை அவிழ்த்தால், உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு ஒரு வெள்ளி வட்டம். குறுக்களவு 39 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் தலைக்கவசம் தரித்த பெண்ணொருத்தி, ஒரு கையில் திரிசூலமும் மற்றொன்றில் கேடயமுமாக நிற்கிறாள். பின்னால் கடல், கடலில் ஒரு கப்பல். ஏதோ அம்மன் காசு என்று சட்டென்று தோன்றும். அவள் பிரிட்டானியா. காலடியில் 1899 என்று வருஷம். மறுபக்கத்தின் நடுவே, நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து ஒன்று நம் ஊர்க் கோலம் மாதிரி வளைந்து கிடக்கிறது. அதைச் சுற்றிலும் 'ஒரு டாலர்' என்று சீனத்திலும், அரபு லிபியில் மலாய் மொழியிலும் எழுதியிருக்கிறது. பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சாத்து..." என்று முதல் சொல்லை வாசித்துவிட்டு, அடுத்த சொல்லில் தடுமாறினார். அது 'ரிங்கிட்.' விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருப்பதனால் வெள்ளி டாலருக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர். நம்மவர்கள் அதைவிடச் சுருக்கமாக ஒரு பெயர் வைத்தார்கள்: வெள்ளி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் "பத்து வெள்ளி கொடு" என்று சொன்னால், அது இந்த மாதிரிக் காசுகளின் ஞாபகம்தான். காசு காகிதமாகி வெகு காலம் ஆகிவிட்டது. சொல்லில் மட்டும் வெள்ளி மிச்சமிருக்கிறது.

இதற்கு பிரிட்டிஷ் வர்த்தக டாலர் என்று பெயர். அதுவரை கீழைக் கடல்களின் வியாபாரம் பெரும்பாலும் மெக்ஸிகோ டாலரில் நடந்துவந்தது. அதற்குப் போட்டியாக 1895-ல் இதை வெளியிட்டார்கள். 1935 வரை அடித்தார்கள். பெரும்பகுதியை அடித்தது பம்பாய் நாணயசாலை. திரிசூலத்தின் நடு முனையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், பம்பாயைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்து கடுகளவில் தெரியும். ஆக, இந்தக் காசு பம்பாயில் பிறந்தது. கப்பலேறிப் பினாங்குக்குப் போனது. அங்கிருந்து ஒரு தமிழர் மடியில் ராயப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. பிறந்த நாட்டில் அது ஒருநாளும் செல்லுபடியான காசு அல்ல.

முதலில், காசு நிஜந்தானா என்று பார்க்க வேண்டும். இந்த டாலருக்குப் போலி ஏராளம். தெருக்கோடித் தட்டார் தம்முடைய சின்னத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்: 26.6 கிராம். நாணயசாலையை விட்டுப் புறப்பட்டபோது அது 26.95 கிராம் இருந்திருக்கும். அந்தக் குறைவு, கை மாறிய காசுக்கு நியாயமான குறைவு. அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம். இரண்டரை கிராமுக்குச் சற்று மேலே குறைந்தது. பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளி உள்ள காசு அப்படித்தான் குறைய வேண்டும்; ஈயமோ பித்தளையோ கலந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி வரும். கடைசியில் விரல் நுனியில் நிறுத்தி, பென்சிலால் மெல்லத் தட்டினேன். கணீரென்று ஒலித்து, மெதுவாக அடங்கியது. சிலர் காசைத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். அது தரத்தைச் சோதிப்பது அல்ல, கெடுப்பது.

தரம் பார்ப்பது இதற்குப் பிற்பாடுதான் ஆரம்பம். பாய் தம் சட்டைப் பையிலிருந்து, கடிகாரம் பழுதுபார்க்கும்போது கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

காசில் எது மேடோ அதுதான் முதலில் தேயும். ஆகவே, பிரிட்டானியாவின் முகத்தையும் ஆடை மடிப்புகளையும் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் காசில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருந்தன; ஆனால் முகம் முகமாகவே இருந்தது. மடிப்புகளில் ஆழமானவை தெரிந்தன, மெல்லியவை மறைந்துவிட்டன. அடுத்தபடியாக ஒளி. அச்சு அழுந்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நுண்ணிய இழைகளாக ஓடும். புதுக் காசைச் சாய்த்தால், அந்த இழைகளின் மேல் வெளிச்சம் வண்டிச் சக்கரம் போலச் சுழலும். புழங்கிய காசில் இது போய்விடும். எழுத்துக்களின் இடுக்கில் மாத்திரம், மழை நின்ற பிறகு ஓட்டில் தங்கிய தண்ணீரைப் போல, கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பாயின் காசில் அது மிஞ்சியிருந்தது.

தேய்மானத்தையும் அச்சுச் சரியாக விழாமல் போனதையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. அச்சு விழாத இடம் பிறக்கும்போதே குறை. அங்கே ஒளி குன்றாமல் இருக்கும். தேய்ந்த இடம் வாழ்ந்ததனால் வந்த குறை. அங்கே ஒளி இராது. மனிதர்களை எடைபோடும்போதும் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காசு சேர்ப்பவர்கள் இதற்கெல்லாம் ஒரு ஏணி வைத்திருக்கிறார்கள். அடிப்படியில், இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிவது. பிறகு 'குட்', 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று ஏறிக்கொண்டே போகும். உச்சியில், ஒருவர் கையிலும் புழங்காத காசு. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த ஏணிக்கு ஒன்று முதல் எழுபது வரை எண் போட்டார். இன்றைக்கு உலகில் பல இடங்களில் அந்த எண்கள் வழங்குகின்றன. 1980-களிலிருந்து, காசுக்கு எண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுக் கொடுக்கும் கம்பெனிகளும் அமெரிக்காவில் வந்துவிட்டன. ஆனால் பாருங்கள், ஷெல்டன் 1977-ல் காலமான பிறகு ஒரு சங்கதி வெளிப்பட்டது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் மட்டமான காசுகளை வைத்திருந்தாராம் அந்த மனிதர்! தரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரின் தரத்தைப் பார்க்க அப்போது ஆள் இல்லை.

"இதென்ன சார், முகத்துக்குப் பக்கத்தில யாரோ உளியால குத்தின மாதிரி இருக்கே?" என்று பாய் கேட்டார்.

நான் அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். முன்பக்கத்தில் இரண்டு, பின்பக்கத்தில் ஒன்று, ஆக மூன்று இடத்தில் சிறிய முத்திரைக் குத்துகள் இருந்தன. அவை சீன வர்த்தகர்களும் சராப்களும் இட்ட அடையாளங்கள். காசை வாங்கிச் சோதித்தவன், 'நான் பார்த்துவிட்டேன், வெள்ளி நல்ல வெள்ளிதான்' என்பதற்குச் சாட்சியாகத் தன் முத்திரையைக் குத்துவான். அடுத்தவன் அதைப் பார்த்து வாங்குவான், அவனும் குத்துவான். நம் ஊருக்கும் இது அந்நியமான தொழில் அல்ல. சங்கப் புலவர்கள் சிலருடைய பெயரில் 'வண்ணக்கன்' என்ற அடைமொழி இருக்கிறது. காசு நோட்டம் பார்ப்பவனுக்கு அந்தப் பெயர்.

"எங்க பெரியவரும் பினாங்கில காசு மாத்தற கடையிலதான் இருந்தார். பள்ளிவாசல் இருக்கிற தெருவாம். வாப்பா சொல்லுவார்" என்றார் பாய். பினாங்குத் துறைமுகத்தில் நம் பக்கத்து முஸ்லிம்கள் வெகு காலம் நடத்திவந்த தொழில் அது. அப்படிப்பட்ட ஒருவர், தம் கையில் புரண்ட எத்தனையோ காசுகளில் இதை மட்டும் ஏன் எடுத்து வைத்துக்கொண்டார் என்று யாருக்குத் தெரியும்? மூன்று பேர் சாட்சி சொன்ன காசு என்பதாலும் இருக்கலாம்.

விசித்திரம் என்னவென்றால், அன்றைக்குக் காசின் மதிப்புக்கு ஜாமீனாக நின்ற அந்தக் குத்துகள், பின்னால் வந்த சேகரிப்பாளர்களுக்குக் காயமாகிவிட்டன. வெகு காலம் அவற்றைக் குறை என்றே தள்ளினார்கள். இப்போது அந்தக் குத்துகளுக்காகவே தேடி வாங்குகிற கட்சி ஒன்றும் கிளம்பியிருக்கிறது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. காசுக்கென்று தனியாக ஒரு தரம் கிடையாது. எவன் என்ன கேள்வி கேட்கிறானோ, அதற்கு அது பதில் சொல்லுகிறது. வர்த்தகன் கேட்டான், 'நீ நல்ல வெள்ளியா?' என்று. சேகரிப்பவன் கேட்கிறான், 'நீ எத்தனை குறைவாக அலைந்தாய்?' என்று. சர்க்காரின் கேள்வி எடையைப் பற்றியது. 1906-ம் வருஷத்து இந்திய நாணயச் சட்டப்படி, ஒரு தோலா எடையுள்ள ரூபாய் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை குறைந்தால் செல்லாததாகிவிடும் என்று இருந்தது. ராஜாவின் முகம் எவ்வளவு தெளிவு என்பதைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இருக்கவில்லை.

சர்க்காருக்குக் காசு வெறும் உலோகம் என்பதற்கு அமெரிக்க டாலரின் கதையே சாட்சி. முதல் உலக யுத்தத்தின்போது நம் ஜனங்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்கினார்கள். நாணயசாலைகளில் வெள்ளி போதவில்லை. 1918-ல் அமெரிக்கா 'பிட்மன் சட்டம்' என்று ஒன்றைப் போட்டு, 27 கோடிக்கு மேல் வெள்ளி டாலர்களை உருக்கியது. அவற்றில் ஏறக்குறைய 26 கோடி டாலர்களின் வெள்ளியை, இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றது. ஒரு டாலரில் 371¼ கிரெயின் சுத்த வெள்ளி. நம் ரூபாயில் 165 கிரெயின். வகுத்துப் பாருங்கள்: ஒரு டாலருக்கு மிகச் சரியாக இரண்டே கால் ரூபாய். அந்த 27 கோடியில் எத்தனை காசு புதுமெருகு மாறாமல் இருந்ததோ! யாரும் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் 1918, 1919-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால், அதனுள்ளே அமெரிக்க டாலரின் வெள்ளியும் கலந்திருக்கக்கூடும்.

இத்தனை பேர் இத்தனை கேள்விகள் கேட்டாலும், எல்லாவற்றுக்கும் பதில் காசின் மேல்தோலில்தான் எழுதியிருக்கிறது. அதை அழித்துவிட்டால் யாருக்கும் பதில் இல்லை.

"மருமக இதைப் புளி போட்டு நல்லாத் தேய்ச்சுக் கொண்டுபோங்கன்னு சொன்னா, சார். எனக்குத்தான் நேரமில்லே. அழுக்கோட கொண்டு வந்துட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் பாய்.

அந்த நேரமின்மைக்கு நான் மனசுக்குள் வந்தனம் சொன்னேன். அவர் அழுக்கென்று சொன்னது அழுக்கு அல்ல. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படியும் மெல்லிய படலம் அது. வருஷக்கணக்கில் சாம்பலும் பொன்னும் நீலமுமாக நிறம் ஏறும். புளியும் பொடியும் அந்தப் படலத்தை மட்டும் எடுப்பதில்லை. அடியிலுள்ள வெள்ளியையும் சேர்த்துச் சுரண்டுகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மயிரிழை போன்ற கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடும். காலம் ஒருபோதும் ஒரே திசையில் கீறுவதில்லை; துணிதான் அப்படிக் கீறும். ஆகையால் தேய்த்த காசு பார்த்தவுடன் அகப்பட்டுக்கொள்ளும். கறுப்பு மறுபடியும் வரலாம். போன தோல் வராது.

பாய்க்கு நான் இவ்வளவு சொல்லியிருக்கவே வேண்டாம். பாதியிலேயே அவர் தலையை ஆட்டினார்.

"புரியுது சார். பழைய கடிகாரத்துக்குப் புது டயல் பெயின்ட் அடிச்ச மாதிரி. பார்க்கிறவங்க நல்லா இருக்கும்பாங்க. தெரிஞ்சவன் தொட மாட்டான்."

நான் என் அபிப்பிராயத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். 'நிஜக் காசு. விளிம்பில் சிறிய அடி ஒன்று. முத்திரைக் குத்து மூன்று. தேய்த்து விளக்கிய குறி இல்லை. தரம் வெரி ஃபைன்.' விலை எழுதவில்லை. தரம் சொல்லுவதற்குக் கண் போதும். விலை சொல்லுவதற்கு வாங்குகிறவன் வேண்டும். எடைக்குக் கேட்ட கடையை விட்டுவிட்டு, பழங்காசு வியாபாரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டும்படி சொன்னேன். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது, மலிவான பி.வி.சி. உறையில் போட்டால் பச்சை பிடிக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் கடை வழியாகப் போனபோது விசாரித்தேன். மூன்று பேர் மூன்று விலை சொன்னார்களாம். ஒருவர் குத்துகளைக் காட்டி விலையைக் குறைத்தார். ஒருவர் அதே குத்துகளைக் காட்டி விலையை ஏற்றினார். அது எடைக்குச் சொன்ன விலையைப் போல மூன்று மடங்கு. பாய் காசை யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாவற்றிலும் அதிகமான விலையை வைத்துக்கொண்டு, அதில் பாதியைத் தம்பியின் சம்சாரத்திடம் கொடுத்து, மற்ற இரண்டு விலைகளையும் சொல்லிவிட்டு வந்தாராம்.

"நடுவிலை போட்டிருக்கலாமே, பாய்? அதுவும் நியாயம்தானே?" என்று கேட்டேன்.

"நியாயம்தான் சார். ஆனா நான் காசை வச்சுக்கறவன். வச்சுக்கறவனுக்கு உசந்த விலை, அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, திறந்து கிடந்த கடிகாரத்தின் மேல் குனிந்தார்.

நேயர்கள் வீட்டிலும் ஏதாவது பெட்டியின் அடியில், பழைய புடவை மடிப்பில், இப்படியொரு காசு இருக்கலாம். விக்டோரியா ரூபாயோ, ஆற்காட்டு ரூபாயோ, கடல் கடந்து போனவர் கொண்டு வந்த வெள்ளியோ, எதுவாயினும் சரி. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் குத்துவிளக்கைத் தாராளமாகத் தேயுங்கள். அது விளக்கின் தர்மம். காசை மாத்திரம் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். அது தேய வேண்டிய அளவு தேய்ந்தாகிவிட்டது.